20 மில்லிகிராம் நிவோலுமாப்: சரியான வைத்தியமா, காசில்லாதவனுக்குப் போடும் அரைகுறை டோஸா?

தெற்குவாசல்:
மாமாவுக்கு வாய்ப்புற்று. ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது கழுத்தில் திரும்பவும் வந்திருக்கிறது, இனி அறுக்க முடியாது என்கிறார்கள். டாக்டர் சொன்ன வழி, வீட்டில் சாப்பிடும் கீமோ மாத்திரைகள், கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நிவோலுமாப் என்ற ஊசி மருந்து 20 மில்லிகிராம். வந்து தேடிப் பார்த்தால் மற்ற நாடுகளில் இதே மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம் ஏற்றுகிறார்கள். ஆறு வாரக் கணக்குப் பார்த்தால் அவர்களுக்கு 720, எங்களுக்கு 40. பதினெட்டில் ஒரு பங்கு! ஆளைப் பார்த்து, இவனால் கட்ட முடியாது என்று முடிவு பண்ணித்தான் இதை எழுதினார்களோ என்று தோன்றுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதற்கு ஒத்துக்கொள்ளலாமா?

மருந்துப்பெட்டி:
கோபம் நியாயம்தான், ஆனால் இது யாரோ ஒரு டாக்டர் மனக்கணக்காகக் குறைத்த டோஸ் இல்லை. மும்பை டாடா மெமோரியலில் விஜய் பாட்டீல் குழுவினர் தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரிடம் சோதனை நடத்தி 2022 கடைசியில் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் என்ற மூன்று மாத்திரைகள். மீதிப் பேருக்கு அதே மாத்திரைகளோடு இந்த 20 மி.கி. ஒரு வருடம் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்த்தவர்களில் 43.4 சதவீதம். கடுமையான பக்கவிளைவும் அதனால் கூடிவிடவில்லை.

டோஸ் ஏன் குறைந்தாலும் வேலை செய்கிறது என்றால், கீமோ நேரடியாகச் செல்லைக் கொல்வது, அதனால் உடம்பு தாங்கும் மட்டும் ஏற்றுவது பழைய வழக்கம். நிவோலுமாப் அப்படி இல்லை. நோயை எதிர்க்கிற நம் டி செல்களின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் கட்டி அந்தச் செல்களை அடக்கி வைக்கிறது. மருந்து அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் கட்டியின் வேலை நடக்காது. எல்லா நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்த பிறகு வாசலில் இன்னும் நூறு பேரை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? முதற்கட்டச் சோதனைகளில் கிலோவுக்கு 0.1 மி.கி. முதல் 10 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தார்கள். 60 கிலோ ஆளுக்கு 0.1 என்றால் வெறும் 6 மி.கி. மெலனோமா என்கிற தோல் புற்றில் அந்த அளவிலேயே கட்டி சுருங்கியவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்க்கட்சி:
மருந்துப்பெட்டி சார் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அதே முதற்கட்டச் சோதனையில் நுரையீரல் புற்றுக்காரர்களின் கதையையும் எடுத்துப் போடுங்களேன். கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்தபோது கட்டி சுருங்கியது 3 சதவீதம் பேருக்கு, 3 மி.கி. கொடுத்தபோது 24 சதவீதம் பேருக்கு. உங்கள் நாற்காலிகள் அங்கே மட்டும் நிரம்பவில்லையா?

அடுத்தது, டாடா சோதனையில் 20 மி.கி.யை 240 மி.கி.யோடு ஒப்பிடவே இல்லை. ஒப்பிட்டது நிவோலுமாப் இல்லாமல் மாத்திரை மட்டும் எடுத்தவர்களோடு. அதனால் அது நிரூபித்தது 'இல்லாததற்கு இது மேல்' என்பதை மட்டும்தான். 'முழு டோஸுக்குச் சமம்' என்று யாராவது சொன்னால் அது அந்த ஆய்வில் இல்லாத விஷயம்.

மருந்துப்பெட்டி:
சமம் என்று நான் எங்கே எழுதினேன்? அந்த நுரையீரல் எண்ணிக்கையும் தெரியும், ஒவ்வொரு டோஸிலும் இருந்தவர்கள் சில பத்துப் பேர்தான், கிலோவுக்கு 10 மி.கி. என்று ஏற்றியபோது 20 சதவீதம், அதாவது மேலே ஏறவில்லை. முழு டோஸின் வண்டவாளத்தையும் பார்ப்போம். 2016இல் வந்த செக்மேட் 141 சோதனை, 361 பேர், இதே தலை, கழுத்துப் புற்று. ஒரு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 36 சதவீதம். நடுமட்ட ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், வழக்கமான மருந்துகளில் 5.1 மாதம், நிவோலுமாப்பில் 7.5 மாதம், அவ்வளவுதான். டாடாவில் 6.7இலிருந்து 10.1. (இரண்டும் வேறு வேறு நோயாளிகள், வேறு கூட்டு மருந்துகள், நேராக ஒப்பிடக் கூடாது, திட்ட வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.) அங்கீகாரம் பெற்ற வைத்தியம் நம்மைப் போன்ற நாடுகளில் 100 பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்குத்தான் எட்டுகிறது என்று டாடா கட்டுரையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மீதி 97 பேரிடம் 'சமம் என்று நிரூபணம் ஆகட்டும், அதுவரை இருங்கள்' என்று சொல்வீர்களா?

எதிர்க்கட்சி:
அந்த 97 பேருக்காகத்தான் பேசுகிறேன். 2013இல் உச்ச நீதிமன்றம் நோவார்டிஸ் கம்பெனிக்கு இமாடினிப் காப்புரிமை கிடையாது என்று தீர்ப்பு சொன்னது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற ரத்தப் புற்று மாத்திரை இந்தியக் கம்பெனிகளிடம் சில ஆயிரங்களுக்கே கிடைத்தது. அன்றைக்கு யாரும் 'பதினெட்டில் ஒரு பங்கு சாப்பிட்டால் போதும்' என்று சமாதானம் சொல்லவில்லை. விலையை இறக்கச் சண்டை போட்டார்கள். குறைந்த டோஸுக்கு எல்லோரும் பழகிவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லி அரசை யார் நெருக்குவார்கள்? பணக்காரனுக்கு ஒரு டோஸ், நமக்கு ஒரு டோஸ் என்பது அப்படியே நிலைத்துவிடும்.

மருந்துப்பெட்டி:
இமாடினிப் உதாரணம் இங்கே ஒட்டாது. அது தினசரி மாத்திரை, குறைத்தால் நோய் பிடி நழுவும். டோஸ் குறைத்தும் வேலை நடக்கிற மருந்து வேண்டுமென்றால் அபிராடெரோன் இருக்கிறது, புராஸ்டேட் புற்றுக்கு வெறும் வயிற்றில் 1000 மி.கி. என்று கம்பெனி எழுதியது. சாப்பாட்டோடு 250 மி.கி. கொடுத்தால் பிஎஸ்ஏ (அந்தப் புற்றின் போக்கைக் காட்டும் ரத்த அளவு) அதே அளவுக்கு இறங்குகிறது என்று 2018இல் 72 பேரை வைத்துக் காட்டினார்கள், அதுவும் அமெரிக்க மருத்துவர்கள் தலைமையில். விற்கிறவன் தன் சரக்கைக் குறைத்துச் சாப்பிடச் சொல்லி எந்தக் காலத்தில் ஆராய்ச்சி செய்திருக்கிறான்? நீங்கள் கேட்கிற 20க்கு 240 ஒப்பீட்டைக் கம்பெனி நடத்தாது. அரசுப் பணத்தில்தான் நடக்க வேண்டும், அதில் உங்களோடு சேர்ந்து நானும் கொடி பிடிக்கிறேன்.

வார்டு அக்கா:
பதினைந்து வருஷத்துக்கும் மேலாகப் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இவ்வளவு எழுதினீர்களே, மாமாவுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? தெற்குவாசல் தம்பி, அவருக்கு நோய் திரும்பியது தெரியுமா?

அது தெரியாத ஆளிடம் டோஸைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள்? இந்த மருந்து அவிழ்த்துவிடும் எதிர்ப்புச் செல்கள் சில நேரம் நம் உடம்பையே தாக்கும், குடல், நுரையீரல், தைராய்டு எதுவும் மிச்சமில்லை. வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல் வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், குறைந்த டோஸ்தானே என்று விடக் கூடாது. 'புண்ணுக்கு ஊசி' என்று சொல்லி வைத்தால் அவர் சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

2017இல் அமெரிக்காவில் ஈத்தன் பேஷ் என்பவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். பரவிய புற்றுக்குக் கீமோ எடுக்கும் 766 பேரில் ஒரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சு பற்றி கணினியில் தாங்களே பதிவு செய்தார்கள், மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். அவர்களுடைய நடுமட்ட ஆயுள் 31.2 மாதம், வழக்கப்படி வந்து போனவர்களுக்கு 26. புது மருந்து ஒரு சொட்டுக்கூட இல்லை.

எதிர்க்கட்சி:
அக்கா, அது பலவிதப் புற்றுகள் கலந்த ஆய்வு, வாய்ப்புற்று மாமாவுக்கு அதை அப்படியே போட முடியாது. ஆனால் சொல்லாமல் மறைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை.

தெற்குவாசல்:
மாமாவுக்குத் தெரியாது. அத்தை கண்டிப்பாகச் சொல்லக் கூடாது என்கிறார், சொன்னால் அன்றே சாப்பாட்டை நிறுத்திவிடுவாராம். மாமா ஊரில் நாலு பேர் சண்டையைத் தீர்த்து வைக்கிற ஆள், ஸ்கேனுக்குப் படுக்கிறவருக்கு ஒன்றும் புரியாமலா இருக்கும் என்றுதான் எனக்கும் இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

வார்டு அக்கா:
நீங்களாக எதையும் போட்டு உடைக்க வேண்டாம். 'ரிப்போர்ட்டைப் பற்றி நீங்களே டாக்டரிடம் கேட்கிறீர்களா, நாங்கள் பேசிக்கொள்ளட்டுமா' என்று அவரிடம் கேளுங்கள். 'நீயே பார்த்துக்கோ' என்றால் அதுவும் அவருடைய பதில்தான். கேட்கிறேன் என்றால் அடுத்த தடவை உள்ளே அவரையும் உட்கார வையுங்கள். வலிக்கு மார்ஃபின் கொடுக்கிறார்களா? விழுங்க முடியாமல் போனால் மாத்திரை எப்படிப் போகும், மூக்கு வழியாகக் குழாய் போட அவருக்குச் சம்மதமா? இதெல்லாம் இப்போதே பேச வேண்டியவை.

மருந்துப்பெட்டி:
டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள், முழு டோஸ் என்று ஒன்று இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று. 20 மி.கி. எழுதியது தப்பில்லை. இரண்டையும் எடுத்து வைத்து, இதில் இவ்வளவு தெரியும், அதற்கு இவ்வளவு செலவு என்று சொல்லாததுதான் தப்பு.

எதிர்க்கட்சி:
நான் இன்னும் என் இடத்தில்தான் நிற்கிறேன், ஒப்பிட்டுக் காட்டும் வரை இதை முழு வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 240க்காக வீட்டை விற்க வேண்டாம் தம்பி, முழு டோஸிலும் எத்தனை மாதம் கூடியது என்று மேலேயே இருக்கிறது. பில்லை மட்டும் பாருங்கள். 40 மி.கி. குப்பியில் பாதிதான் மாமாவுக்கு. ஒரே நாளில் இரண்டு பேரை வரவழைத்துக் குப்பியைப் பங்கு போடுகிறார்களா, இல்லை மிச்சத்தைக் கொட்டிவிட்டு முழுக் குப்பிக்கும் காசு வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.