495 கோடி 734 கோடியானது யாரால்?

கணக்கன்:
சென்னையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை. 2008இல் பணி தொடங்கியபோது மதிப்பீடு 495 கோடி ரூபாய், பிறகு 734 கோடி. குறைந்த விலை போட்டு வேலையைப் பிடிப்பது, பாதியில் விலையேற்றம் என்று கை நீட்டுவது: ஒப்பந்ததாரர்களின் இந்தப் பழக்கம்தான் காரணம். ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது என்று சட்டம் போடுங்கள், எல்லா அரசுப் பணியும் மதிப்பீட்டுக்குள் முடியும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அரசுப் பணிகளில் முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தை 31 ஆண்டுகள் எழுதியவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. தம்பி, அந்தப் பாதையில் பெரும்பகுதி எழும்பிவிட்டது. நின்றது 500 மீட்டர், ஆதம்பாக்கத்தில். நிலம் கையில் இல்லை, வழக்கு. ஒப்பந்ததாரர் அந்தரத்திலா தூண் நடுவார்?

கணக்கன்:
நான் உங்கள் தம்பி இல்லை. 5 கிலோமீட்டரில் 500 மீட்டர் பத்தில் ஒரு பங்கு. செலவு ஏறியதோ கிட்டத்தட்ட பாதி. கணக்கு இடிக்கிறதே?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
பத்தில் ஒரு பங்கு நின்றால் ரயில் பத்தில் ஒன்பது பங்கு ஓடுமா? 500 மீட்டர் நின்றால் 5 கிலோமீட்டரும் நின்றதுதான். சிமெண்டும் கம்பியும் 2008 விலையிலேயே காத்திருக்குமா?

ஆதம்பாக்கத்தான்:
500 மீட்டர், 500 மீட்டர் என்று எங்கள் ஊரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். என் வீடு அதில் இல்லை. ஆனால் துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு நின்ற மொட்டைத் தூண்களின் அடியில்தான் ஆண்டுக்கணக்கில் பால் வாங்கப் போனேன். 2014 ஜனவரியில் புதிய நிலமெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலத்தின் மதிப்புக்கு மேல் கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகை பழைய சட்டத்தில் 30 விழுக்காடு, புதியதில் 100 விழுக்காடு. அதன்படி கொடுங்கள் என்று கேட்டது பேராசையா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
மக்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிலத்தைக் கையில் வாங்காமல் ஒப்பந்தப்புள்ளி கோரியவர்களைச் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் ஒரு சிறுபாலம். பள்ளம் தோண்டப் போனால் நட்டநடுவில் மின்கம்பம். மதிப்பீடு போட்டவர் இடத்தைப் பார்க்கவே இல்லை. கம்பத்தை மாற்ற எட்டு மாதம் கடிதம் எழுதினோம். அதற்குள் மழை வந்து பள்ளம் குளமாகி, பக்கச்சுவர் சரிந்து, மறுபடியும் தோண்டினோம். அந்த இரண்டாவது பள்ளத்துக்கான பணம்தான் நீங்கள் சொல்லும் ‘கை நீட்டுவது’. இங்கே கம்பம், அங்கே 500 மீட்டர்.

சிறு ஒப்பந்ததாரர்:
ஐயா சொல்வது உண்மை. ஆனால் மிகக் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற முறையையும் பேசுங்கள். மதிப்பீட்டுக்கு 20 விழுக்காடு கீழே போட்டு எடுப்பவர் எதில் மிச்சம் பிடிப்பார்? 2021 அக்டோபரில் ஒன்றிய நிதியமைச்சகமே சில பணிகளில் விலையை மட்டும் பார்க்காமல் தரத்துக்கும் அதிகபட்சம் 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம் என்று வழிவிட்டது.

கணக்கன்:
ஆக, உங்கள் ஆட்கள் குறைத்துப் போட்டுத்தான் எடுக்கிறார்கள் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

சிறு ஒப்பந்ததாரர்:
நான் சொன்னது அதுவா? போன மாதம் சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் என் வாயில் வார்த்தையைத் திணித்தீர்கள்.

கணக்கன்:
மதுரவாயலில் நான் சொன்னதுதான் சரி. இரண்டாயிரம் கோடிக்குள் இருந்த துறைமுகச் சாலை 5,800 கோடியைத் தாண்டியது.

ஆதம்பாக்கத்தான்:
அது வேறு சாலை ஐயா! 2009இல் அடிக்கல் நாட்டியது ஓரடுக்குப் பாலத்துக்கு. கூவம் ஆற்றில் தூண் வைத்தார்கள் என்று 2012இல் நிறுத்தினார்கள். 2022இல் மறுபடி அடிக்கல் நாட்டியது ஈரடுக்குப் பாலத்துக்கு. எது கூடுதல் செலவு, எது புதிய வேலை என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
கூவத்துக்குப் போக வேண்டாம், ஆதம்பாக்கத்திலேயே நில்லுங்கள். 500 மீட்டர். நிலம் முழுவதும் கைக்கு வரும் முன் பணி ஆணை கொடுக்கக் கூடாது. இந்த ஒன்றைச் செய்திருந்தால் அந்தத் தூண்கள் மழையில் நனைந்து நின்றிருக்காது.

கணக்கன்:
நிலம் முழுவதும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வேளச்சேரிக்கே ரயில் வந்திருக்காது. மேசையில் இருந்தவர்களுக்குக் காத்திருப்பது சுலபம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
மேசையா? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நாடா பிடித்து அளந்தவனிடம் மேசை என்கிறீர்கள். நீங்கள் ஒரு பணியிடத்திலாவது காலில் சேறு பட நின்றதுண்டா?

கணக்கன்:
சேறு பட்டவர் எல்லாம் கணக்கில் சரியானவர் ஆகிவிட மாட்டார். 239 கோடி கூடியது. அதில் எத்தனை கோடி அந்த 500 மீட்டரால்? எண்ணைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அத்தனையும் தாமதத்தால். தாமதம் அந்த 500 மீட்டரால். இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

கணக்கன்:
எண்ணைக் கேட்டேன். மறுபடியும் மீட்டரைத்தான் தருகிறீர்கள்.