கிணற்று நீர்மட்டம்: எந்த அளவை எடுப்பது?

ஆய்வு மாணவர்: உசிலம்பட்டி பக்கம் திறந்த கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறேன். ஒரே கிணற்றில் காலை ஒன்று, மாலை ஒன்று வருகிறது. எது சரி?

கிணற்றடி: மோட்டார் ஓடியிருக்கும். ராத்திரி முழுக்க நிறுத்தச் சொல்லி விடியக்காலையில அளங்க. பாறைக் கிணறு மெதுவாத்தான் ஊறும். சுற்றுச்சுவரில் பெயின்ட் குறி போட்டு அங்கிருந்தே டேப் விடுங்க. சுவர் உயரத்தைக் கழிக்கணும்.

வைகைக்கரை: வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பர் கடைசியில ஒரு தடவை, பின் ஜனவரியில ஒரு தடவை அளங்க. இடையில் மட்டம் ஏறின அளவை ஸ்பெசிஃபிக் யீல்டால் (பாறை அல்லது மண்ணின் கன அளவில் வடிந்து வெளிவரக்கூடிய நீரின் பங்கு) பெருக்கினா, நிலத்துக்குள் ஊறிய நீர் எவ்வளவுன்னு தெரியும். களி கலந்த சிதைந்த நைஸ் (gneiss) வகைப் பாறைக்கு 1.5 சதவீதம், 4 மீட்டர் ஏறினாலும் ஊறியது 60 மி.மீ.தான்! கண்மாயை ஒட்டிய கிணற்றைத் தனியா வைங்க, சராசரியை ஏத்திவிடும்.

ஆய்வு மாணவர்: போர்வெல் அளவையும் சேர்க்கலாமா?

கிணற்றடி: வேண்டாம் தம்பி. போர்வெல்லுக்கு வர்றது ஆழத்துப் பாறைப் பிளவுத் தண்ணீர், அதோட மட்டம் வேற.