காலையில் கல்லூரி, மாலையில் ஜவுளிக்கடை: இரண்டு இடத்திலும் ஒட்டவில்லை

மாம்பலம்_மாலை:
பி.காம் இரண்டாம் ஆண்டு, முதல் ஷிஃப்ட். வகுப்பு முடிந்ததும் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்ஷன். இரவு கடை அடைத்து, ரயிலேறி கூடுவாஞ்சேரி போய்ச் சேரும்போது வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

வேலை கடினம் என்பது என் பிரச்சினை இல்லை. ஒரு அம்மா நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போவார். மடித்து அடுக்கி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். நாள் முழுக்க நான் செய்ததற்கு அடையாளமே மிஞ்சுவதில்லை. கூட நிற்பவர்கள் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கியிருக்கிறார்கள். "நீ காலேஜ் பையன், நாளைக்குப் போயிடுவ" என்று தள்ளியே வைக்கிறார்கள். வகுப்பிலோ, மணி அடித்ததும் ஓடுகிறவன் நான். டீக்கடைப் பேச்சு எதிலும் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "முடியலைன்னா விட்டுடுப்பா" என்று அழுகிறார். அதனால் அவரிடம் சொல்வதில்லை.

தீபாவளி சீசன் வருகிறது, நவம்பரில் செமஸ்டர். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் இதையெல்லாம் யாரிடம் பேசுகிறீர்கள்?

பழைய_சேல்ஸ்மேன்:
நானும் ஜவுளிக்கடையில் நின்று படித்தவன்தான் தம்பி. என்னைத் தாங்கியது ஆறுதல் பேச்சு இல்லை. எங்கள் செக்ஷன் அண்ணன் என் பரீட்சை டைம்டேபிளை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பரீட்சைக்கு முந்தைய மாலைகளில் என் இடத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். அவர் ஊருக்குப் பணம் அனுப்ப நான் பேங்க் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பேன். விடுதியில் இருப்பவர்களுக்கும் இந்த ஊரில் யாரும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. உங்கள் செக்ஷனில் ஸ்டூல் இருக்கிறதா?

வணிகவியல்_ஆசிரியை:
வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய், காண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கட்டணம்) கட்ட வந்து நிற்கும்போதுதான் ஒரு பிள்ளை வேலைக்குப் போவதே எங்களுக்குத் தெரிகிறது. அது எனக்குப் பெரிய வருத்தம். சீசன் தொடங்கும் முன்பே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அசைன்மென்ட் தேதியையாவது முன்பின் மாற்றிக் கேட்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் வருகிறதா என்றும் பாருங்கள்.

வேலை செய்யாத நேரத்தில்தான் உழைப்பாளி தன் வீட்டில் இருப்பதாக உணர்கிறான் என்று மார்க்ஸ் 1844-ல் எழுதினார். உங்களுக்கு அந்த நேரமும் இல்லாமல் போயிருக்கிறது. வகுப்பில் ஒரே ஒரு நண்பர் போதும், நோட்ஸ் வாங்கவாவது பேச்சைத் தொடங்குங்கள்.

கூடுவாஞ்சேரி_அம்மா:
என் மகனும் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறான். அம்மா அழுதால் அழட்டும் தம்பி, நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை பேசாமல் வந்து படுத்துக்கொள்வதுதான் எங்களுக்குத் தாங்காது.

மாம்பலம்_மாலை:
ஸ்டூல் பில் போடும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறது அண்ணா. வகுப்பாசிரியரிடம் திங்கட்கிழமை பேசுகிறேன் மேடம். ஒரு சந்தேகம்: வேலைக்குப் போவதற்குக் கடையிலிருந்து கடிதம் ஏதாவது வாங்கிக் காட்ட வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா?