புண்ணின் ஓரக் கலங்களுக்குத் திசை காட்டுவது எது?

தாதிய மாணவி, களுவாஞ்சிக்குடி:

வணக்கம். வாவியில் வலை வீசும்போது சிப்பி ஓடு கிழித்த காலோடு வந்த ஒருவருக்கு மருந்து கட்டுகையில், புண்ணின் ஓரத்திலிருந்து வெங்காயத் தோல் போன்ற மெல்லிய, வெளிறிய மேலணி உள்நோக்கிப் படர்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்தக் கலங்கள் வெறுமையான பக்கத்தை நோக்கி மட்டும் நகர்வது எதனால்? பிஐபி3 என்னும் இலிப்பிட்டே (கொழுப்பு வகைப் பொருளே) காரணம் என்று விரிவுரையில் சொன்னார்கள். உயர்தரத்தில் நாங்கள் படித்த இலிப்பிட்டோ கலமென்சவ்வின் இரட்டைப் படையாக நிற்பதோடு சரி. இன்னொன்று: மீன் கிரந்தி, அதாவது புண்ணைக் கிளறும் உணவு என்பதால் புண் ஆறும்வரை கொடுக்கமாட்டேன் என்கிறார் அவருடைய தாயார். மீன் கொழுப்பு புண்ணுக்கு நல்லது என்றும் படித்திருக்கிறேன்.

விலங்கியல் பட்டதாரி, வந்தாறுமூலை:

தங்கை, மென்சவ்வின் உட்படையில் பிஐபி2 என்ற இலிப்பிட்டு சிறிதளவு உண்டு. வளர்ச்சிக் காரணிகள் கலத்தின் ஒரு பக்கத்து வாங்கிகளில் கூடுதலாகப் பொருந்தும்போது, அந்தப் பக்கத்தில் பிஐ3-கைனேசு என்னும் நொதியம் தூண்டப்பட்டு, பிஐபி2 இன் இனோசிற்றோல் வளையத்தில் மூன்றாம் இடத்தில் மேலும் ஒரு பொசுபேற்றைச் சேர்க்கிறது. அப்படிக் கிடைப்பதே பிஐபி3. அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் அங்கு வந்து கூடியதும் ராக் என்னும் புரதம் செயற்பட, ஆர்ப்2/3 என்னும் புரதத் தொகுதி வழியாக, கலத்தின் சட்டகமான அக்டின் இழைகள் கிளைவிட்டு மென்சவ்வை முன்னே தள்ளுகின்றன.

எல்லோரும் இந்த ஆக்கத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அழிப்பு. இலிப்பிட்டுகள் மென்சவ்வின் தளத்தில் தாராளமாகப் பரவுபவை என்பதால், முன்புறத்தில் உண்டான பிஐபி3 ஐ யாரும் தடுக்காவிட்டால் அது கலமெங்கும் பரவி, முன் பின் என்ற வேறுபாடே இல்லாமற் போகும். அந்தப் பொசுபேற்றைக் கழற்றி மறுபடி பிஐபி2 ஆக்குவது பீடென் என்னும் நொதியம். நகரும் டிக்டியோஸ்டீலியம் அமீபாவில் அது பின்புறத்திலும் பக்கங்களிலும் தங்கி நிற்கிறது. தோல் கிழிந்ததும் காயத்தின் ஓரத்தில் சிறிய மின்புலமொன்று உண்டாகும். அதைத் தொடர்ந்து கலங்கள் நகர்வதிலும் இவ்விரு நொதியங்களுக்கும் பங்குண்டு என்பதை 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது: பிஐ3-கைனேசின் காமா வகை இல்லாதபோது நகர்வு குன்றியது, பீடென் இல்லாதபோது கூடியது.

மருத்துவர், சம்மாந்துறை:

மேலே சொன்னது சரி. ஆனாலும் பிஐபி3 மட்டுமே திசைகாட்டி என்று எழுதிவிடாதீர்கள், சகோதரி. பிஐ3-கைனேசு மரபணுக்களை நீக்கிய அமீபாக்களும் இரசாயனச் சமிக்ஞையை நோக்கி நகரவே செய்தன. கலத்துக்கு வெளியிலும் இலிப்பிட்டுகள் வேலை செய்கின்றன. குருதி உறையும்போது சிறுதட்டுக்கள் வழியாக உருவாகும் லைசோபொஸ்பாடிடிக் அமிலம் கலங்களை நகரத் தூண்டுகிறது. முதலில் காயத்தை அடையும் வெண்குருதிக் கலங்களான நடுநிலைநாடிகள், அரக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலத்திலிருந்து லியூக்கோட்ரையீன் பி4 என்னும் சமிக்ஞைப் பொருளை ஆக்கிப் பின்னால் உள்ளவற்றையும் அழைக்கின்றன. அந்த அழைப்பு ஓயாவிட்டால் புண் அழற்சியிலேயே தேங்கிவிடும்.

அதை ஓயச் செய்பவற்றுள் ரெசோல்வின்களும் அடங்கும். மீன் கொழுப்பிலுள்ள ஈபிஏ, டிஎச்ஏ ஆகிய கொழுப்பமிலங்களிலிருந்து அவை உருவாகின்றன. அதற்காக மீன் தின்றால் புண் விரைவில் மூடும் என்று முடிவு கட்டக்கூடாது. ஒவ்வாமை இல்லையெனில் புரதத்துக்காகவேனும் மீன் கொடுக்கலாம். தாயாரிடம் அதை மட்டும் சொல்லுங்கள், ரெசோல்வின் கதை வேண்டாம்.

தாதிய மாணவி, களுவாஞ்சிக்குடி:

மிக்க நன்றி, டொக்டர். அப்படியானால் பீடெனைத் தடுக்கும் மருந்தொன்றைப் பூசினால், நீரிழிவு நோயாளரின் ஆறாத புண்ணும் மூடிவிடாதா?

மருத்துவர், சம்மாந்துறை:

ஆய்வுகூடக் கலங்களில் அப்படித் தடுத்து நகர்வை விரைவுபடுத்தியிருக்கிறார்கள். ஆனால் பீடென் 1997 இல் இனங்காணப்பட்டதே புற்றுநோயை அடக்கும் மரபணுவாகத்தான். பல புற்றுநோய்களில் அது இழக்கப்பட்டிருப்பதால், மாதக்கணக்கில் ஆறாத புண்ணில் அதைத் தடுத்துக்கொண்டிருக்க நான் துணியமாட்டேன். உங்களிடம் வரும் சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா, புண் இருக்கும் இடத்தில் பாரம் விழுகிறதா, கிருமி தொற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.