புதுப்பிப்பு: பக்கத்து மனை விண்ணப்பம் நகர மன்றத்தில் என்ன ஆனது

பக்கத்துக் குடியிருப்பு மனையை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நேற்று கருத்துக்கேட்புக் கூட்டம் முடிந்தது.

"ஆட்சேபணை எழுத்தில் இருக்கட்டும்" என்று நீங்கள் சொன்னது ரொம்பவே உதவியது. அதற்காகவே முதலில் மன்ற அலுவலகம் போய் விண்ணப்பக் கோப்பைப் பார்த்தேன். வரைபடத்தில் எங்கள் சுவரை ஒட்டியே வாகன நிறுத்தம். மழைநீர் வெளியேற வழியே காட்டவில்லை. கூட்டத்தில் "கடை வேண்டாம்" என்று மட்டும் சொன்னவர்களின் பேச்சை உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். வடிகால், பக்க இடைவெளி (கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விடும் இடம்), வண்டிகள் திரும்பும் வாசல் என்று வரைபடத்தை வைத்துப் பேசியபோதுதான் குறிப்பெடுத்தார்கள். மன்றம் விதியை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். நமக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. இது முன்பே புரிந்திருந்தால் அக்கம்பக்கத்தாரையும் அப்படியே பேசச் சொல்லியிருப்பேன். அந்த வருத்தம் இருக்கிறது.

சரி, முடிவு தள்ளிவைக்கப்பட்டுள்ளது. திருத்திய வரைபடம் வந்த பிறகே மறுபடி எடுப்பார்களாம். அனுமதி கொடுத்தாலும் நிபந்தனைகளைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனை கைமாறினால், வாய்வார்த்தையை யார் மதிப்பார்கள்? கூட்டக் குறிப்பின் நகலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.