"இல்லை"யா, "கூடவில்லை"யா: கன்ஃபிகர் செய்திக்கு ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் மடற்குழுவுக்குத் திருச்சி ஆசிரியை எழுதியது:

அன்புடையீர், வணக்கம். ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் பாடத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். கட்டுவதற்கு வேண்டியவை கணினியில் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை மாணவர்கள் ஓட்டுகிறார்கள். வரிசையாக "யெஸ்", "யெஸ்" என்று ஓடிவரும் திரை, தகவலை ஒளிப்பதற்குப் பிற நிரல்கள் பயன்படுத்தும் நூலகமான (லைப்ரரி) ஓப்பன்எஸ்எஸ்எல் வரியில் "நோ" என்று சொல்லி நின்றுவிடுகிறது. உடனே ஒரு மாணவன் முனையத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையைத் தட்டிப் பதிப்பு எண்ணை எடுத்துக் காட்டுகிறான். "இதோ இருக்கிறதே, மேடம்!"

இரு தரப்பும் சொல்வது உண்மைதான். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் நிரல் ஓடுவதற்கு வேண்டியது ஒரு பொதியில் வருகிறது. கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் (ஹெடர்) லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற இன்னொரு பொதியில் வருகின்றன. பின்னதை நிறுவியிருக்க மாட்டார்கள்.

என் வரைவில் "குறியாக்க நூலகத்தைக் கண்டறிதல்" என்று தலைப்பிட்டு, விடையாக "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். நான்கு சொல்லும் உறுத்துகின்றன. உதவுங்கள்.

மதுரைப் பேராசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, உறுத்த வேண்டியதுதான். குறியாக்கம் என்ற சொல்லை ஏற்கெனவே எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் வேலைக்கு, அதாவது யூனிகோடு வகையறாவுக்கு, பலர் எழுதிவருகிறார்கள். ஒளிப்பதற்கும் அதே சொல் என்றால் மாணவன் எதைப் பிடித்துக்கொள்வான்? இரகசியத்துக்குக் கமுக்கம் என்ற நல்ல சொல் இருக்கிறது. கமுக்கவியல், கமுக்க நிரலகம் என்று எழுதுங்கள். நூலகம் என்றால் புத்தகம் அடுக்கிய கட்டடம். நிரல்கள் இருக்கும் அகம் நிரலகம்.

கண்டறிதலுக்கு ஒற்றல் என்பேன். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஒற்றன் ஊருக்குள் ஓசையின்றி நுழைந்து உள்ளதை அறிந்து வருகிறான். உங்கள் ஸ்கிரிப்டும் அதைத்தானே செய்கிறது? தவிர, ஒற்றுதல் என்றால் மெல்லத் தொடுதல். கண்ணீரை ஒற்றி எடுக்கிறோம். மெய்யெழுத்தும் ஒற்று. நிலத்தை ஒற்றி வைப்பதும் இந்த வேரே என்று நினைக்கிறேன். அதை விரித்துத் தனி மடலாக எழுதுகிறேன்.

பெங்களூர் நிரலர் எழுதியது:

> நான்கு சொல்லும் உறுத்துகின்றன

ஐயா, ஒற்றி நிலத்துக்குப் போவதற்கு முன் ஸ்கிரிப்டு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். அது எங்கும் தேடுவதில்லை. கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் சில வரிகளில் ஒரு சி நிரலைத் தானே எழுதுகிறது. அதில் நிரலகத்தின் ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரை அழைக்கிறது. தொகுப்பியிடம் (கம்பைலர்) கொடுத்து, அந்த நிரலகத்தோடு இணைக்கச் சொல்கிறது. இணைந்தால் "யெஸ்", இணையாவிட்டால் "நோ". பிறகு அந்தக் கோப்பை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. நடந்ததெல்லாம் கான்ஃபிக்.லாக் கோப்பில் பதிவாகியிருக்கும். மாணவர்களை முதலில் அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

டெவ் பொதியில் தலைப்புக் கோப்புகள் மட்டுமல்ல, பதிப்பு எண் ஒட்டாத லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ என்ற பெயரும் இருக்கிறது. இணைக்கும் நிரலான இணைப்பி (லிங்கர்) தேடுவது அந்தப் பெயரை. அது இல்லாததால்தான் நிரலகம் வட்டில் இருந்தும் "நோ" வருகிறது.

இதைவிட வேடிக்கை 2016-இல் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 வெளிவந்தபோது எஸ்எஸ்எல்_லைப்ரரி_இனிட் என்ற பழைய செயற்கூற்றை எடுத்துவிட்டு, அந்தப் பெயரைத் தலைப்புக் கோப்பில் வெறும் மேக்ரோவாக, அதாவது வேறொரு செயற்கூற்றுக்கு மாற்றுப்பெயராக, வைத்தார்கள். தலைப்புக் கோப்பைப் பார்க்காமல் அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சோதித்துவந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம், புத்தம்புதுப் பதிப்பு டெவ் பொதியோடு முழுமையாக இருந்தும், "நோ" என்றன. அங்கே "இல்லை" என்று மொழிபெயர்த்தால் அது பொய்.

ஆகவே என் பரிந்துரை: இணைத்துப் பார்த்தல். நடந்து பார், கேட்டுப் பார், தூக்கிப் பார் என்கிறோமே, அந்தப் "பார்". முயன்று விளைவை அறிவது என்ற பொருளைத் தமிழ் ஒரு துணைவினையில் வைத்திருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இணைத்துப் பார்த்தலுக்கு என் ஆதரவு. ஆனால் ஸ்கிரிப்டுகள் பயன்படுத்தும் பிகேஜி-கான்ஃபிக் என்ற துணைநிரலை மறந்துவிட்டீர்கள். அது எதையும் இணைப்பதில்லை. நிரலகம் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் .பிசி கோப்பைத் திறந்து, பதிப்பையும் பாதையையும் வாசித்துச் சொல்கிறது. லிப்ஜிகிரிப்டு என்ற இன்னொரு குறியாக்க நிரலகத்துடன் வரும் லிப்ஜிகிரிப்ட்-கான்ஃபிக் நிரலும் அப்படித்தான். இது பதிவேட்டைக் கேட்பது, இணைத்துப் பார்த்தல் ஆளையே அழைத்துப் பார்ப்பது. இரண்டுக்கும் பொதுவான தலைப்பு வேண்டும் என்றால் "சரிபார்த்தல்" போதும்.

கமுக்கத்தை நான் ஏற்கவில்லை. எங்கள் பக்கம் பிள்ளைகள் பள்ளியில் அறிவியலைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல் புதிதாக இருப்பது பிரச்சினை இல்லை, ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு சொல் இருப்பதுதான் பிரச்சினை. கணினியா கணனியா என்பதே இன்னும் தீரவில்லை. மறையியல் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் மறைக்கல்வி என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய வகுப்பு. "மறையியல் நூலகம்" என்றால் குருமடத்தைத் தேடிப் போவார்கள். குறியாக்கமே இருக்கட்டும். எண் கொடுப்பதற்குக் குறியேற்றம் என்ற சொல் இருக்கிறது, அதை அங்கே வையுங்கள்.

மதுரைப் பேராசிரியர்:

மறைக்கு வேதம் என்றும் பொருள் உண்டு என்பதற்காக அந்த வேரையே தள்ளுவதா? மறைப்பு, மறைவு, மறைமுகம் எல்லாம் நாள்தோறும் வழங்கவில்லையா? போகட்டும். குறி என்ற சொல்லுக்கு நன்னூலார் துணை இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று தகுதி வழக்கை மூன்றாக்கினார். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பது உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு. கடையில் நிற்பவருக்குப் புரியாமல் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு சொல். உங்கள் கலையின் தாத்தா அதுதான். குழூஉக்குறியியல் என்று வைத்தால் என்ன?

பெங்களூர் நிரலர்:

அளபெடையோடு கோப்புப் பெயர் வைக்க முடியாது, ஐயா.

மதுரைப் பேராசிரியர்:

குழுக்குறி என்று அளபெடையை நீக்கிக்கொள்ளலாம். அது இருக்க, "இல்லை" என்ற விடைக்கு மாற்றுச்சொல் யாரும் தரவில்லை. "காணோம்" என்பது பொருத்தம். பொருள் இருக்கலாம், என் கண்ணில் படவில்லை என்பதே அதன் குறிப்பு. ஆனால் அச்சில் சற்றுத் தளர்வாகத் தெரியும். "கூடவில்லை" என்று எழுதலாம். இணையவில்லை என்ற பொருளும் உண்டு, கைகூடவில்லை என்ற பொருளும் உண்டு. முயற்சியையும் தோல்வியையும் ஒரே வினை சொல்லிவிடுகிறது.

யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர்:

அழகான சொல், ஐயா. ஆனால் "ஓப்பன்எஸ்எஸ்எல்... கூடவில்லை" என்று திரையில் பார்க்கும் பிள்ளை, விலை கூடவில்லை என்பதுபோல எண்ணிக்கை ஏறவில்லை என்று எடுத்துக்கொள்ளும். "கிடைக்கவில்லை" என்றால் எவருக்கும் விளங்கும்.

சிங்கப்பூர் அன்பர்:

இடையில் நுழைகிறேன். லிப்ரெஎஸ்எஸ்எல் கதையையும் பார்க்க வேண்டும். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு வெளியான பிறகு, ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழுவினர் அதிலிருந்து பிரித்தெடுத்தது அது. பதிப்பு எண்ணைக் கேட்டால் 2.0.0 என்கிற பொருளில் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். 1.1.0-க்கு மேல்தானே என்று ஸ்கிரிப்டு "யெஸ்" போட்டுவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0-இன் செயற்கூறுகளில் பல லிப்ரெஎஸ்எஸ்எல்லில் இல்லாத காலத்தில், தொகுப்பு பாதி வழியில் முறிந்தது. அகப்பட்டது, ஆள் வேறு. "கிடைத்தது" என்ற விடையும் முழு உண்மை இல்லை என்று கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

திருச்சி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டாம் முறையாக அழைத்துவிட்டார்கள். இப்படி அனுப்புகிறேன்: தலைப்பு "குறியாக்க நிரலகத்தைச் சரிபார்த்தல்". உள்ளே இரண்டு உட்பிரிவுகள், "இணைத்துப் பார்த்தல்", "பதிவைக் கேட்டல்". விடை "கிடைத்தது", "கிடைக்கவில்லை". கிடைக்கவில்லை என்றால் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று கட்டமிட்டு டெவ் பொதியை முதலாவதாக எழுதியிருக்கிறேன். லிப்ரெஎஸ்எஸ்எல் வரியும் உண்டு. நிரலகம் பேராசிரியர் ஐயா தந்தது. கூடவில்லை என்பதை விட மனமில்லாமல்தான் விடுகிறேன்.

மதுரைப் பேராசிரியர்:

நிரலகத்துக்கு மகிழ்ச்சி. குறியாக்கத்தை நான் ஏற்றதாகக் கையேட்டில் குறிக்க வேண்டாம். ஒற்றி பற்றிய மடல் நாளை வரும்.

யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர்:

நிரலகத்துக்கு என் ஒப்புதலும் இல்லை என்று பதிவு செய்கிறேன். தலைப்புக் கோப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் சரியா? கட்டுரைத் தலைப்பு என்றல்லவா நினைப்பார்கள். முகப்புக் கோப்பு என்று போடலாமே. அச்சுக்குப் போய்விட்டதா?