முதலாமாண்டு ஆங்கில இலக்கண வகுப்புக்கு என்னென்ன விதிகள் வைக்கலாம்?

கோட்டையூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் ஆங்கிலத் துறையில் இந்தக் கல்வியாண்டில் பணியில் சேர்ந்திருக்கிறேன். முதலாமாண்டு மாணவர்களுக்கு, எல்லாத் துறையினருக்கும் பொதுவான பகுதி இரண்டு ஆங்கிலத்தில் இலக்கணப் பாடத்தை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். வணிகவியல், கணிதம், வரலாறு ஆகிய மூன்று துறை மாணவர்களும் ஒரே அறையில் அமர்வதால் எண்ணிக்கை அறுபதைத் தாண்டுகிறது. பெரும்பாலோர் புதுவயல், சாக்கோட்டை, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களின் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்கள். முன்வரிசையில் அமரும் சிலர் மட்டும் ஆங்கிலவழியில் படித்து வந்தவர்கள். வகுப்பில் பேசுபவர்களும் அவர்கள் மட்டுமே.

முதல் வாரத்திலேயே வகுப்பு விதிகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட நினைக்கிறேன். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வருபவருக்கு அன்றைய வருகைப் பதிவு கிடையாது; கைப்பேசி பையை விட்டு வெளியே வரக் கூடாது; வீட்டுப் பயிற்சியைத் திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும், தாமதித்தால் மதிப்பெண் பாதியாகும்; 75 விழுக்காடு வருகை இல்லாதவர் தேர்வெழுத முடியாது; வகுப்பறைக்குள் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும், தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம், சேரும் பணத்தில் வகுப்புக்கு அகராதி வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு எழுதி வைத்திருப்பவை இவைதாம். கடைசி விதியைப் பற்றித் துறையிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் மூன்றாண்டு முடிந்தாலும் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்கிறார் ஒருவர். அது இருந்தால் முதல் நாளிலேயே வாயை மூடிக்கொள்வார்கள் என்கிறார் இன்னொருவர். எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், தேவகோட்டை:

அம்மா, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. முதலில், அந்தத் தாளில் உங்களுடையவை அல்லாத விதிகளை நீக்கிவிடுங்கள். 75 விழுக்காடு வருகை என்பது பல்கலைக்கழகத்தின் விதி. ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்று கொண்டால் 68 நாள் வந்திருக்க வேண்டும் என்பதும், சற்றுக் குறைந்தவர்கள் மருத்துவச் சான்றும் கட்டணமும் செலுத்தி விலக்குப் பெற என்ன வழி என்பதும் கல்லூரிக் கையேட்டிலேயே இருக்கும். நீங்கள் மாற்றவோ தளர்த்தவோ முடியாத ஒன்றை உங்கள் பெயரில் எழுதி வைத்தால், அதைத் தளர்த்தச் சொல்லி உங்களிடமே வந்து நிற்பார்கள்.

அபராதத்தை அறவே விட்டுவிடுங்கள். எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், ரசீது இல்லாமல் ஆசிரியர் கையில் மாணவர் பணம் சேர்வது பின்னால் தொல்லையில்தான் முடியும். அதைவிட முக்கியமானது, அந்தப் பத்து ரூபாயை யார் கட்டப் போகிறார்கள் என்பது. முன்வரிசைக்காரர்கள் கட்டப் போவதில்லை. ஐயம் கேட்க எழுந்து, சொல் கிடைக்காமல் பாதியில் தமிழுக்கு வரும் பிள்ளைதான் கட்டும். அடுத்த முறை அந்தப் பிள்ளை எழுந்திருக்காது. 1947-இல் வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய நாள்முதல், வீட்டில் ஒரு சொல் ஆங்கிலம் கேட்டறியாத பிள்ளைகள்தாம் இங்கே பட்டப்படிப்புக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் கொள்ளாத விதி இந்த ஊருக்குப் பொருந்தாது.

இலக்கண வகுப்பில் தமிழுக்கு வேலை இருக்கிறது. இந்தப் பக்கத்து மாணவர் ஏடுகளில் தவறாமல் காணக்கூடிய ஒரு வாக்கியம்: 'மை ஃபாதர் ஈஸ் ஒர்க்கிங் இன் சிங்கப்பூர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வேர் தமிழில்தான் இருக்கிறது. 'அப்பா ஐந்து ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்' என்று சொல்லும்போது நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ, முன்பு தொடங்கி இன்னும் தொடரும் செயலுக்குத் தனி வினைவடிவம் கேட்கிறது. 'ஹேஸ் பீன் ஒர்க்கிங்' என்றுதான் வர வேண்டும். அடுத்தது, 'சின்ஸ்' வர வேண்டிய இடமும் 'ஃபார்' வர வேண்டிய இடமும். 'ஐந்து ஆண்டுகளாக' என்று கால அளவைச் சொல்கிறோம், '2019 முதல்' என்று தொடங்கிய புள்ளியைச் சொல்கிறோம். முன்னதற்கு 'ஃபார்', பின்னதற்கு 'சின்ஸ்'. தமிழில் இந்த வேறுபாட்டைப் பிறழாமல் பேசும் மாணவருக்கு, அது தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று காட்டிவிட்டால் இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். இதையே ஆங்கிலத்தில் மட்டும் விளக்கப் புகுந்தால் வகுப்பு நேரம் முழுவதும் போகும். முடிவில் முன்வரிசைதான் தலையாட்டும்.

தாமத விதியைப் பொறுத்தவரை, பேருந்தை விசாரித்துவிட்டு எழுதுங்கள். 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், பின்னால் வரும் அந்தப் பேருந்துக்காக முன்னால் வந்த தனியார் பேருந்தை விட்டுவிட்டு நிற்கும் மாணவியர் உண்டு. அவர்களுக்கு உங்கள் பத்து நிமிடம் என்பது மாதச் செலவுக் கணக்கு. முதல் பத்து நிமிடத்தில் முந்தைய வகுப்பைப் பற்றிய சிறு எழுத்துப் பயிற்சியை வைத்துவிட்டால், வர முடிந்தவர்கள் தாமாகவே விரைந்து வருவார்கள். வர முடியாதவர்கள் வருகைப் பதிவை இழக்கவும் மாட்டார்கள்.

பள்ளத்தூர் பயிற்றுநர்:

பேராசிரியர் ஐயா சொன்னவற்றில் அபராதம் கூடாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தமிழுக்குக் கதவை அகலத் திறந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த மாணவர்களின் காதில் ஆங்கிலம் விழும் நேரம் நாளுக்கு இந்த ஒரு வகுப்புத்தான். அதிலும் தமிழில் விளக்கம், தமிழில் ஐயம், தமிழில் நகைச்சுவை என்று போய்விட்டால், இலக்கண விதிகளைத் தமிழில் ஒப்பிக்கத் தெரிந்த பட்டதாரிகளைத்தான் உருவாக்குவோம். அப்படி வருபவர்களை நான் பேச்சுப் பயிற்சியில் தொடர்ந்து பார்க்கிறேன். படர்க்கை ஒருமையில் வினையோடு 'எஸ்' சேர வேண்டும் என்று கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்புவார்கள். வாயைத் திறந்தால் 'ஷி கோ' என்பார்கள். விதி தெரியாமல் அன்று, நாக்குக்குப் பழக்கம் இல்லாததால்.

ஆகவே மொழி விதியை ஆளுக்கு வைக்காமல் வேலைக்கு வையுங்கள். புதிய இலக்கணக் கூறு ஒன்றை விளக்கும்போது தமிழ் தாராளமாக வரட்டும். விளக்கம் முடிந்து இருவர் இருவராகப் பயிற்சி செய்யும் நேரத்தில் ஆங்கிலம் மட்டும் என்று வையுங்கள். அது பதினைந்து நிமிடமாக இருந்தாலும் போதும். நீங்கள் நாள்தோறும் சொல்லும் சொற்களை, அதாவது ஏட்டை எடுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுங்கள், கரும்பலகையைப் பாருங்கள் என்பவற்றை, எப்போதும் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

இன்னொன்று. முன்வரிசைக்காரர்களுக்கு இலக்கணம் தெரியும் என்று கருதிவிட வேண்டாம். 'ஐ டோன்ட் நோ வேர் ஈஸ் ஹி கோயிங்' என்று தங்குதடையின்றிப் பேசுபவர்கள் அவர்கள்தாம். கேள்வி மற்றொரு வாக்கியத்துக்குள் அடங்கும்போது 'வேர் ஹி ஈஸ் கோயிங்' என்று வரிசை மாற வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனெனில் சரளமாகப் பேசுபவரை நாம் திருத்துவதே இல்லை. இருவராக அமர்த்தும்போது முன்வரிசையில் ஒருவர், பின்வரிசையில் ஒருவர் என்று கலந்து அமர்த்துங்கள்.

கைப்பேசி விதி கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் நிற்காது. அகராதியும் அதில்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுப் பயிற்சியில் இருக்கிறது. சாட்ஜிபிடியில் கேட்டு அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்தால், ஒரு பிழையும் இல்லாத ஏடு உங்கள் மேசைக்கு வரும். நீங்கள் திருத்த எதுவும் இருக்காது, அவர் கற்றுக்கொண்டதும் எதுவும் இருக்காது. எழுத்துப் பயிற்சியை வகுப்புக்குள்ளேயே, கையால், உங்கள் கண்முன் எழுத வைத்துவிட்டு, அதே பத்தியைப் பிழை நீக்கித் திரும்ப எழுதுவதை மட்டும் வீட்டுக்குக் கொடுங்கள்.

புதுவயல் மாணவி (இரண்டாமாண்டு, வரலாறு):

மேடம், நான் தமிழ்வழியில் படித்து வந்தவள். வேறு கல்லூரியில் படிப்பதால் இங்கே தயங்காமல் எழுதுகிறேன். மாணவர்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு ஆங்கிலம் தெரியாதது மட்டும் காரணம் இல்லை. எழுந்து ஒரு வாக்கியத்தைத் தொடங்குவோம். மூன்றாவது சொல்லிலேயே ஆசிரியர் திருத்துவார், பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும், அதற்குப் பிறகு சொல்ல வந்ததே மறந்துவிடும். ஆகையால் உங்கள் தாளில் ஒரு விதி வேண்டும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஒருவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது, ஆசிரியர் உட்பட. சிரிப்பவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வகுப்பில் ஒரு மேடம் வைத்திருந்தார்கள். அது நன்றாக வேலை செய்தது.

திங்கட்கிழமை ஒப்படைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புப் பையன்கள் பலர் முகூர்த்த நாள்களில் சமையல் மேஸ்திரிகளோடு பந்தி பரிமாறப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை மாலை போனவர்கள் ஞாயிறு இரவுதான் வீட்டுக்கு வருவார்கள். அந்தப் பணத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். புதன்கிழமை என்று வைத்தால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அதேபோல, தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மறுநாள் தேர்வு வைக்காதீர்கள், மேடம். பாதி வகுப்பு இருக்காது.

எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். 'நன்றாக எழுத வேண்டும்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. இந்த மாதம் முடியும்போது நேற்று நடந்ததைப் பத்து வாக்கியத்தில் காலப்பிழை இல்லாமல் எழுதத் தெரிய வேண்டும் என்று சொன்னால், எதைப் படிப்பது என்று தெரியும்.

கோட்டையூர் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. அபராதத்தை நீக்கிவிட்டேன், வருகை விழுக்காட்டையும் எடுத்துவிட்டேன். பேசுபவரைக் குறுக்கிடக் கூடாது என்பதைத் தாளின் முதல் வரியாக, மாணவி எழுதிய சொற்களிலேயே, 'ஆசிரியர் உட்பட' என்பதையும் விடாமல் வைத்திருக்கிறேன். விளக்கத்துக்குத் தமிழ், இருவர் பயிற்சிக்கு ஆங்கிலம் என்பது இரண்டாவது வரி. ஒப்படைக்கும் நாள் புதன்கிழமை. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும், சொற்பொருள் பார்க்க மட்டும் எடுக்கலாம் என்று மாற்றியிருக்கிறேன். இது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க வேண்டும். மாதந்தோறும் ஓர் எதிர்பார்ப்பு என்று பருவம் முழுவதற்கும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் மாதத்துக்கு மாணவி சொன்ன பத்து வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு ஐயம். அறுபது ஏடுகளை வாரந்தோறும் முழுமையாகத் திருத்துவது இயலுமா? அகமதிப்பீட்டு மதிப்பெண் 25-இல் எழுத்துப் பயிற்சிக்கு ஒதுக்கக்கூடியது மிகச் சிறிய பங்குதான். மதிப்பெண் இல்லாமல் எழுதுவார்களா என்ற தயக்கமும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பேராசிரியர், தேவகோட்டை:

முழுமையாகத் திருத்த வேண்டாம், அம்மா. ஏடு முழுவதும் சிவப்பு மையாகத் திரும்பி வந்தால் எந்த மாணவரும் அதைப் படிப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார். அந்த வாரம் எந்த இலக்கணப் பகுதியை நடத்தினீர்களோ அதில் வந்த பிழைகளின் கீழ் மட்டும் கோடிடுங்கள்; இறந்தகாலம் நடத்திய வாரத்தில் 'டிட் நாட் வென்ட்' என்று இருந்தால் கோடிடலாம், 'தி' விடுபட்டிருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். சரியான வடிவத்தை நீங்கள் எழுதித் தராதீர்கள்; கோட்டைப் பார்த்து அவரே திருத்தி எழுதட்டும். இப்படிச் செய்தால் ஓர் ஏட்டுக்கு ஒரு நிமிடம் போதும். பலர் ஒரே பிழையைச் செய்திருந்தால், பெயர் சொல்லாமல் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணைப் பிழைகளின் எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், திருத்தித் திரும்ப எழுதியதற்குக் கொடுங்கள். அப்போது இயந்திரத்தைக் கேட்டு எழுத வேண்டிய தேவையும் குறையும், பிழையோடு எழுதத் துணிவும் வரும். மாணவர்களுக்குப் புதன்கிழமை என்று நாள் குறித்ததுபோல, ஏடுகளைத் திருப்பித் தரும் நாளையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்று வைத்தால் எழுதியது அவர்கள் நினைவில் இருக்கும்போதே கைக்குப் போய்விடும்.